மறைவுக் கூடாரமும் மாப்பிள்ளைப் பருந்தும்

மனித குல வரலாற்றை அறிஞர்கள் எப்படி எப்படியோ பிரிக்கிறார்கள். கற்காலம் என்கிறார்கள், இரும்புக் காலம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் காலங்கள் இரண்டுதான். என் வீட்டுக்காரர் பருந்துகளைப் பக்கத்தில் போய்ப் படமெடுக்கத் தொடங்குவதற்கு முந்தைய காலம் ஒன்று, தொடங்கிய பிறகு வந்த காலம் ஒன்று. முந்தைய காலத்தில் மனிதன் அறியாமை இருளில் மூழ்கிக் கிடந்தான். ஆனால் துணி காயப்போட அவனுக்கு ஒரு பால்கனி இருந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவின் மூத்த ஆய்வாளர். கார் இடிபட்டுவிட்டது என்று ஒருவர் படம் அனுப்பினால், அந்த இடி மெய்யா பொய்யா, பழசா புதுசா என்று கண்டுபிடித்து, கூடுமானவரை 'பழசு' என்று எழுதித் திருப்பி அனுப்பும் மகத்தான பணி அவருடையது. "தெருவுக்கு அந்தப் பக்கம் நிக்கிற வண்டியில ஒரு கீறல் இருந்தாலும் போதும், இங்க இருந்தே அது பிறந்த தேதியச் சொல்லிடுவேன்" என்பார். சொல்லியும் இருக்கிறார். அதனால் எங்கள் தெருவில் வண்டி வைத்திருப்பவர்கள் யாரும் எங்களோடு பேசுவதில்லை.

அந்தப் பிரிவுக்கென்று ஒரு வேலைமுறை உண்டு. படம் வந்தால் அவர்கள் காரைப் பார்க்க மாட்டார்கள். காரின் சக்கர மூடியையும் பக்கவாட்டுக் கண்ணாடியையும்தான் பார்ப்பார்கள். படம் எடுத்தவரின் உருவம் அந்தப் பளபளப்பில் விழுந்திருக்கும் அல்லவா? அதைப் பெரிதாக்குவார்கள். 'நான் வெளியூரில் இருந்தபோது எவனோ இடித்துவிட்டுப் போய்விட்டான்' என்று உருக்கமாக எழுதியவர், சக்கர மூடிக்குள் சட்டையில்லாமல் நின்று பல் குத்திக்கொண்டிருப்பார். கோரிக்கை தள்ளுபடி. எதில் யாருடைய உருவம் விழுந்திருக்கிறது என்று பார்ப்பதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச அந்த நிறுவனத்தில் ஆளில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த அலுவலகத்துக்குப் புதிய மண்டல மேலாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். வந்த வாரமே எல்லோரையும் கூட்டி வைத்து உரையாற்றினார்.

"நம்ம ஆய்வாளர்களுக்கு என்ன வேணும்? கழுகுப் பார்வை வேணும். கழுகுப் பார்வை வரணும்னா என்ன பண்ணணும்? கழுகப் பார்க்கணும். எப்படிப் பார்க்கணும்? பக்கத்துல போய்ப் பார்க்கணும்!"

இதைவிடத் தெளிவான தர்க்கத்தை அந்தக் கட்டடம் அதுவரை கேட்டதில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உட்கார்ந்தபடி கைதட்டிய ஒருவர் மறுநாள் கிடங்குப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அன்றே, பருந்து கழுகுகளை நெருங்கிப் போய்ப் படமெடுக்க, 'கொன்றுண்ணிப் பறவைகள் நெருக்கப்பட மன்றம்' உதயமானது.

மன்றத்தின் விதிகள் கடுமையானவை. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுக்கும் பெரிய லென்ஸ் கூடாது. "தூரத்துல நின்னுட்டு நெருங்கிட்டேன்னு சொல்றதுக்குப் பேரு ஏமாத்து" என்றார் மண்டல மேலாளர். இரை காட்டிப் பறவையைக் கூப்பிடக் கூடாது. அது லஞ்சம். உண்மையிலேயே நெருங்கித்தான் எடுத்தார் என்பதற்குச் சாட்சி? சக்கர மூடியிலேயே வளர்ந்தவர்களுக்கு விடை கண்டுபிடிக்க நேரமாகவில்லை. பறவையின் கண்ணில் படமெடுத்தவரின் உருவம் விழுந்திருக்க வேண்டும்! விழுந்திருந்தால் படம் ஏற்கப்படும். ஆண்டுக் கூட்டத்தில் அப்படி ஒரு படத்தைக் காட்டுபவருக்குக் காலியாக இருக்கும் துணை மேலாளர் பதவி கிடைக்கும்.

அதற்குப் பிறகு இழப்பீட்டுப் பிரிவில் வேலை செய்ய ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் கைபேசிக் கோபுரத்தில் ஏறினார். ஏறத் தெரிந்த அவருக்கு இறங்கத் தெரியவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது. அதுவரை ஒரு பருந்து அவரைச் சுற்றிச் சுற்றி எல்லாக் கோணங்களிலும் பார்த்துக்கொண்டிருந்ததாம். அதனிடம் மட்டும் கேமரா இருந்திருந்தால் அன்றைக்கே ஒரு நல்ல நெருக்கப்படம் கிடைத்திருக்கும். இன்னொருவர் கூட்டுக்குள் தலையை விட்டார். காதில் தையல். இழப்பீடு கேட்டு மனுப் போட்டார். அவருடைய பக்கத்து மேசைக்காரரே 'தானாகத் தேடிச் சென்ற சேதம்' என்று எழுதித் தள்ளுபடி செய்தார். கடமை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் எங்கேயும் ஏறவில்லை. அவர் சிந்திப்பவர். சிந்தித்தபடி வீட்டைச் சுற்றி வந்து, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் பால்கனியில் நின்றார்.

அந்தப் பால்கனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கழுவுதொட்டி, துணிக்கொடி, என் தையல் மெஷின், ஒரு முக்காலி. அவ்வளவுதான். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று அவர் என்னை அங்கே நிறுத்தி, "இது உன் ராஜ்ஜியம். நான் உள்ள வரணும்னாகூடக் கதவத் தட்டிட்டுத்தான் வருவேன்" என்றார். அன்று சாயங்காலம் மெதுவாகத் தட்டவும் செய்தார். அதற்காகவே அவரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

ஒரு நாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால் ராஜ்ஜியத்தில் கூடாரம் நின்றது. இலை இலையாக அச்சடித்த பச்சைக் கூடாரம். உள்ளே அதே இலை போட்ட சட்டை, அதே இலை போட்ட கால்சட்டை, வட்டமாகப் பெரிய தொப்பி, இவற்றுக்கு நடுவில் என் வீட்டுக்காரர். தையல் மெஷின் குளியலறை வாசலில், தண்ணீர் தெறிக்கும் தூரத்தில் இருந்தது.

"என்னங்க இது? என் மெஷின் ஏன் அங்க இருக்கு?"

"உஷ்ஷ்! சப்ஜெக்ட் கலைஞ்சிடும்."

"சப்ஜெக்ட் இன்னும் வரவே இல்லியே!"

"வரலாம்னு நெனச்சிட்டு இருக்கும். அந்த நெனப்பு கலைஞ்சிடும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கூடாரத்தின் ஜிப் இரண்டு விரற்கடை திறந்தது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஒரே ஒரு படம்தான். கூட்டத்துல அத ஏத்துக்கிட்ட அன்னிக்கே கூடாரத்தப் பிரிச்சிடறேன். பால்கனி உனக்கு. சத்தியம்."

ஜிப் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து அந்தப் படத்துக்காக உலகத்திலேயே அதிகமாக ஏங்கியவர் அவரல்ல, நான்தான்.

கீழ்வீட்டில் என் நாத்தனார் இருக்கிறாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம். செய்தி கேட்டு மேலே ஓடி வந்தாள்.

"என்ன அண்ணி, அண்ணனத் தனிக்குடித்தனம் வச்சிட்டீங்களாமே!"

"நான் எங்க வச்சேன்? அவராத்தான் போயிட்டாரு."

"சாப்பாடெல்லாம் உள்ள போகுதா?"

"ஜிப்பத் தொறந்து தட்ட நீட்டணும். சத்தம் வரக் கூடாது."

"பார்த்து நீட்டுங்க அண்ணி. கையக் கொத்திடப் போறாரு."

உள்ளிருந்து "உஷ்ஷ்!" என்று வந்தது. நாங்கள் இருவரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினோம்.

நாத்தனார் சும்மா வரவில்லை. என் பிறந்த நாளுக்கு ஒரு நைட்டி வாங்கி வந்திருந்தாள். பச்சையில் பெரிய பெரிய இலை போட்டது. "கடைல பார்த்ததும் உங்க முகம்தான் அண்ணி ஞாபகம் வந்துச்சு. இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். மறுநாள் அவர் குளிக்க உள்ளே வந்தபோது அதைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லு. அங்க ஒண்ணு வட்டம் போடுது" என்றார்.

இந்த இடத்தில் நான் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்த வேண்டும்.

மாப்பிள்ளை ஒரு பருந்து. மன்றம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே எனக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை கழுவுதொட்டியில் கோழி கழுவும்போது பால்கனிக் கம்பியில் வந்து உட்காரும். தோலையும் கொழுப்பையும் நான் அதற்கு எடுத்து வைப்பேன். நாளடைவில் ஞாயிறு என்றில்லாமல் தினமும் வரத் தொடங்கியது. நானும் ஏதாவது மிச்சம் பிடித்து வைக்கத் தொடங்கினேன். சொல்லாமல் வரும், சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வரும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முறைக்கும், போட்டதைச் சாப்பிடும், நன்றாயிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாது. வேறு என்ன பெயர் வைப்பது?

ஆனால் ஒன்று. சாப்பிட்டு முடித்ததும் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்க்கும். நன்றாகப் பார்க்கும். பிறகுதான் பறக்கும்.

கூடாரம் வந்த பிறகு மாப்பிள்ளை பால்கனிக்கு வரவில்லை. எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, மாமனார் வீட்டில் மரியாதை குறைந்துவிட்டதுபோல் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதையே ஆராய்ந்தார்.

"அது பொண்ணு" என்று ஒரு நாள் காலையில் அறிவித்தார். "கொன்றுண்ணிகள்ல பொண்ணுதான் பெருசு. உடம்பு வாகப் பாரு. தோள் அகலத்தப் பாரு. உனக்கெல்லாம் வெறும் புள்ளியாத்தான் தெரியும். எனக்கு எவ்வளவு தூரத்துல இருந்தாலும் பொண்ணு எது, ஆண் எதுன்னு தெரிஞ்சிடும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு பார்வையா! மாப்பிள்ளை பெண் என்று தெரிந்த பிறகும் பெயரை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெயர் நடத்தைக்காக வைத்தது.

"ஏங்க, அது எனக்குத் தெரிஞ்ச பருந்துங்க. நான் கூப்பிட்டா…"

"உஷ்ஷ்."

ஆண்டுக் கூட்டம் நெருங்கியது. கூடாரத்துக்குள் அவர் வெந்தார். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்துவிட்டது. அவரிடம் பருந்தின் வால் படங்கள் நிறைய இருந்தன. வாலில் கண் இல்லை என்பதுதான் ஒரே குறை.

அந்த ஞாயிறு காலையில் அவருக்கு மண்டல மேலாளரிடமிருந்து போன் வந்தது. கூடாரத்துக்குள் குனிந்தபடி மேலாளரிடம் பேசுவது மரியாதை இல்லை என்று கேமராவை அப்படியே கூடார வாசலில் முக்காலித் தாங்கியில் விட்டுவிட்டு, ஹாலுக்கு ஓடினார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று, "ஆமா சார்" என்றார். பிறகு "ஆமா சார்" என்றார். அவர் 'ஆமா சார்' சொல்லத் தொடங்கினால் ஒரு சோறு வடிக்கும் நேரம் ஆகும்.

நான் அப்போதுதான் தலைக்குக் குளித்திருந்தேன். ஈரத் தலையில் பெரிய வெள்ளைத் துண்டை உருண்டையாகச் சுற்றிக்கொண்டு, நாத்தனார் கொடுத்த நைட்டியில், கோழிப் பாத்திரத்தோடு பால்கனிக்குப் போனேன். கூடாரம் காலி என்பது எதிர்த் தொட்டிக்குத் தெரிந்துவிட்டது. இறக்கைச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் கம்பியில் மாப்பிள்ளை.

"வாங்க. இத்தன நாளா கோவமா?" என்றேன்.

ஒரு துண்டு தோலைக் கம்பியில் வைத்தேன். காலால் அழுத்திக்கொண்டு கிழித்துச் சாப்பிட்டது. இன்னொரு துண்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. கேமரா பக்கத்திலேயே இருக்கிறது. எதிர்க் கட்டடத்துத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு முட்டாள்தனமாக நிற்கிறது. அதைக் கொஞ்சம் திருப்பினால் பால்கனி எனக்கு.

திருப்பினேன். தாங்கியின் கால் தரையில் கிரீச்சிட்டது, மாப்பிள்ளை அசையவில்லை. எதை அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவர் தூக்கத்திலும் அந்த விரலைத்தான் ஆட்டுகிறார். மாப்பிள்ளை கழுத்தைச் சாய்த்து வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்தது. அழுத்தினேன். கையில் இருந்ததையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பறந்துவிட்டது. கேமராவைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டுக் கோழியைக் கழுவினேன். ஒரு மகத்தான தருணத்தில் நிற்கிறோம் என்பது போன்ற உணர்வு எதுவும் எனக்கு வரவில்லை. கோழி கழுவும்போது வராது.

அவர் திரும்பி வந்தார்.

"ஏங்க, இப்ப நான் ஒரு…"

"பேசாத. மேலாளர் குரல் இன்னும் காதுல இருக்கு. அதுல வேற எதுவும் கலக்கக் கூடாது."

கூடாரத்துக்குள் போய்விட்டார்.

மத்தியானம் ஒரு கூக்குரல் கேட்டது. பருந்து கொத்திவிட்டது என்று நினைத்து மஞ்சள் டப்பாவோடு ஓடினேன். அவர் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். கூடாரமும் அவரோடு சேர்ந்து குதித்தது.

"கிடைச்சிடுச்சு! கிடைச்சிடுச்சு! பாரு, கண்ணப் பாரு! பெருசாக்கறேன் பாரு!"

பார்த்தேன். தேன் நிறக் கண். அதன் நடுவில் குட்டியாக ஓர் உருவம். உருண்டைத் தலை, இலை இலையாக உடை.

"தொப்பி! மறைவுடை! நானேதான்!"

"அது தொப்பி இல்லீங்க. அது துண்…"

"தொப்பியோட விளிம்புல வெளிச்சம் பட்டு வெள்ளையா உருண்டு தெரியுது. இதெல்லாம் உனக்குப் புரியாது. எத்தன சக்கர மூடி பார்த்திருக்கேன்!"

ஒரு மனிதனுக்கு இன்னொரு வாய்ப்புத் தருவதுதான் நியாயம். "எப்படிங்க எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "மூச்ச நிறுத்திட்டேன். நான் அதப் பார்த்தேன். அது என்னப் பார்த்துச்சு. அந்த நேரத்துல எங்க ரெண்டு பேரையும் தவிர உலகத்துல வேற யாருமே இல்ல."

"நான்கூடவா இல்ல?"

"நீ எங்க இங்க வந்த!"

சாயங்காலத்துக்குள் அந்தக் கதை வளர்ந்துவிட்டது. நண்பர்களிடம் போனில் சொல்லும்போது பருந்து அவர் தோளில் உட்கார்ந்திருந்தது. பதவி அவருக்கு, பால்கனி எனக்கு. இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் போய் உண்மையைக் கொட்டுவானேன்? நானும் எனக்கே ஒரு 'உஷ்ஷ்' சொல்லிக்கொண்டேன்.

ஆண்டுக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அலுவலகக் கூடத்தில் பெரிய வெள்ளைத் திரை. என் வீட்டுக்காரர் மறைவுடைக்கு மேல் டை கட்டியிருந்தார். நானும் நாத்தனாரும் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். "அண்ணன் துணை மேலாளர் ஆனா எனக்கும் ஒரு மேசை போடச் சொல்லுங்க அண்ணி" என்று அவள் என் காதைக் கடித்தாள்.

முதல் படம் 'ஜூம்' என்பவருடையது. பெரிய லென்ஸ் வைத்திருந்து ஒருமுறை மாட்டிக்கொண்டதால் அந்தப் பெயர். கம்பீரமான கழுகு. கண்ணைப் பெரிதாக்கினார்கள். கண்ணுக்குள் ஜூம் இருந்தார். அவருக்கு முன்னால் வரிசையாகக் கம்பிகள் இருந்தன. பின்னால் ஐஸ்கிரீம் வண்டி நின்றது.

"இது எந்தக் காடு?" என்றார் மண்டல மேலாளர்.

"கொஞ்சம் வேலி போட்ட காடு, சார்."

"நுழைவுச் சீட்டு உண்டா?"

"பெரியவங்களுக்கு மட்டும், சார்."

தள்ளுபடி.

அடுத்தவர் கோப்புப் பிரிவுக்காரர். அவருடைய வல்லூற்றின் கண்ணில் அவரும் இருந்தார், தலைக்கு மேல் ஒரு டியூப்லைட்டும் மின்விசிறியும் இருந்தன.

"பறவை ரொம்ப அமைதியா ஒத்துழைச்சுது, சார்."

"எத்தன வருஷமா அமைதியா இருக்கு?"

"பள்ளிக்கூடத்து ஆய்வகம் கட்டினதுலேர்ந்து, சார்."

தள்ளுபடி.

பிறகு என் வீட்டுக்காரரின் படம் வந்தது. கூடம் முழுவதும் "ஆ" என்றது. நான்கூடச் சொன்னேன். மாப்பிள்ளை அவ்வளவு அழகு. கழுத்தைச் சாய்த்து, அன்போடு முறைத்துக்கொண்டு, கூடத்தில் இருந்த எல்லோர் முகத்தையும் பார்ப்பதுபோல் இருந்தது.

"கண்" என்றார் மண்டல மேலாளர்.

கண் பெரிதானது. இன்னும் பெரிதானது. ஒரு கதவளவுக்கு அந்த உருவம் திரையில் நின்றது.

"தொப்பி, சரி. மறைவுடை, சரி." மண்டல மேலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "கையில என்ன?"

கையில் ஏதோ நீளமாகத் தொங்கியது.

"கோழித்தோல்!" என்று பின்வரிசையிலிருந்து ஜூம் கத்தினார். அவ்வளவு மகிழ்ச்சியான குரலை நான் கேட்டதில்லை.

"இரை! இரை!" என்றது கூடம். "லஞ்சம்!" என்றார் காதில் தையல் போட்டவர்.

என் வீட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது. "சத்தியமா இல்ல சார்! நான் கோழித்தோலத் தொட்டதே இல்ல சார்! வீட்டுல வேணும்னா கேட்டுப் பாருங்க!"

அவர் என்னைச் சாட்சிக்கு அழைத்தது அதுவே முதல் தடவை. யாரும் என்னைக் கேட்கவில்லை.

மண்டல மேலாளர் பழுத்த ஆய்வாளர். மேசையில் ஒரு விரலால் தட்டினார். "கண்ணுல இருக்கறது நீங்கன்னா, இரை குடுத்திருக்கீங்க. இரை குடுக்கலன்னா, கண்ணுல இருக்கறது நீங்க இல்ல. ரெண்டுல எது?"

என் வீட்டுக்காரர் எழுந்து திரைக்குப் போனார். அதன்பின் நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஒரு மூத்த ஆய்வாளர் தன் முழுத் திறமையையும் காட்டினார். இடப்பக்கமிருந்து பார்த்தார். வலப்பக்கமிருந்து பார்த்தார். முட்டிபோட்டுக் கீழிருந்து பார்த்தார். மூக்கு திரையில் உரசும் அளவுக்கு நெருங்கி, என் முகம் இருந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார். பதவி போனால் போகட்டும், கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் திரும்பினார். முகத்தில் பெரிய நிம்மதி.

"நான் இல்ல, சார். இது யாரோ ஒரு பொம்பள."

"யாரு?"

"தெரியல, சார். முன்னப் பின்னப் பார்த்த மாதிரியே இல்ல. நான் உங்ககிட்ட போன்ல பேசிட்டிருந்தப்போ யாரோ அத்துமீறி என் பால்கனிக்குள்ள நுழைஞ்சிருக்கா."

என் பக்கத்து நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. நாத்தனார் எழுந்து நின்றிருந்தாள்.

"ஐயோ அண்ணா! அது நான் வாங்கிக் குடுத்த நைட்டி!"

"எந்த நைட்டி?"

"அண்ணியோட நைட்டி!"

"எந்த அண்ணி?"

"எனக்கென்ன ஊருக்கு ஒரு அண்ணியா இருக்காங்க? உன் பொண்டாட்டி!"

கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. பலர் பார்த்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எழுந்து நின்றேன்.

நிறுவனத்தின் நடைமுறை நடைமுறைதான். மண்டல மேலாளர் மேடையிலிருந்து இறங்கி வந்து, மேசை விரிப்பை உருவி, "அம்மா, இதத் தலையில சுத்திக்கிறீங்களா?" என்றார். சுற்றிக்கொண்டேன். என்னையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பொருந்துது" என்று அறிவித்தார். என் வீட்டுக்காரர் திரையின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, முதலில் திரையில் இருந்தவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு பேரையுமே புதிதாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இரை குடுக்கறது விதிப்படி குத்தம். தெரியுமாம்மா?"

"அது இரை இல்லீங்க. மாப்பிள்ளைக்குச் சாப்பாடு."

"உங்களுக்கு மாப்பிள்ளை இருக்காரா?"

"எங்களுக்கு ஒரே பையன்தான் சார், வெளியூர்ல படிக்கிறான்" என்றார் என் வீட்டுக்காரர் அவசரமாக. அன்றைக்கு எதைத்தான் நம்புவது என்று அவருக்கே சந்தேகம் வந்திருந்தது.

"அந்தப் பருந்தத்தான் சொல்றேன்" என்றேன்.

மண்டல மேலாளர் குரலைத் தாழ்த்தினார். கோபுரத்தில் ஏறியவர், கூட்டில் தலையை விட்டவர் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். "இவ்வளவு பக்கத்துல எப்படிம்மா வந்துச்சு? என்ன ரகசியம்?"

"ரகசியம் ஒண்ணும் இல்லீங்க. தினமும் வரும். சாப்பிடும். சாப்பிட்டதும் ஒரு நிமிஷம் என் முகத்தப் பார்க்கும். அவ்வளவுதான்."

முதலில் கைதட்டியது ஆய்வாளர்கள் அல்ல. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அவர்களுடைய மனைவிமார்கள். ஏன் அப்படித் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவரவர் வீட்டுக்காரர்களுக்கும் தெரியவில்லை.

படம் என் பெயரில் ஏற்கப்பட்டது. துணை மேலாளர் பதவியை எனக்குத் தர விதியில் இடமில்லையாம். பரிசாக வட்டத் தொப்பி ஒன்று தந்தார்கள். பதவி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மண்டல மேலாளர் இப்போது ஆந்தைகளுக்கு மாறிவிட்டதாகவும், ஆய்வாளர்கள் பகலில் அலுவலகத்தில் தூங்குவது பயிற்சியின் ஒரு பகுதி என்றும் கேள்வி.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன். மேலாளர் குரலோட வேற எதுவும் கலக்கக் கூடாதுன்னீங்க."

பின்னால் வந்துகொண்டிருந்த நாத்தனார் இருமினாள். அது இருமல் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் யாரும் சொல்லாமலே கூடாரத்தைப் பிரித்தார். மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்து, அதன்மேல் இருந்த தண்ணீர்த் துளிகளை மறைவுடையால் துடைத்தார். சொன்ன சொல் தவறாதவர்.

மறுநாள் காலையில் நான் பால்கனியில் ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, அந்தப் பழைய தட்டல். கையில் இரண்டு கோப்பைத் தேநீரோடு நின்றார். இலை இல்லாத சட்டை. கழுத்தில் கேமரா இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, என் முகத்தைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். மெஷின் தானாக நின்றுவிட்டது.

அவருடைய கூர்மையான பார்வையைப் பற்றி இதுவரை புகழ்ந்ததில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறப்போவதில்லை. பல வருட அனுபவமுள்ள ஆய்வாளர் அவர். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் வண்டியின் கீறலுக்குப் பிறந்த தேதி சொல்பவர்.

"இடது புருவத்துக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கே" என்றார் ஆச்சரியமாக. "இது புதுசா?"

"பழசுதாங்க" என்றேன். "வண்டி எடுக்கும்போதே இருந்துச்சு. நீங்கதான் சுத்தி வந்து பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டீங்க."